ஆயிரம் மூட்டையும் ஒரு விரல்நுனியும்

நத்தையளத்துக்காரர்களுக்கு உப்பு ஒரு அதிசயமே இல்லை. பிறந்த பிள்ளை கண்ணைத் திறந்தால் பார்ப்பது உப்பு, செத்தவரைத் தூக்கிக்கொண்டு போகிற பாதை உப்புப் பாத்திகளுக்கு நடுவே, துணியைக் காயப்போட்டால் கொடியில் உப்பு, பிள்ளையை முத்தினால் உதட்டில் உப்பு. அதனால் பங்குனி மாதத்தில் ஒரு நாள் விடிந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்கு வீடு வாசலில் உப்பு குவிந்து கிடந்ததைப் பார்த்து யாரும் அலறவில்லை. "லோடை மாத்தி எறக்கிட்டுப் போயிட்டான் பாரு" என்று லாரிக்காரனைத்தான் திட்டினார்கள். அள்ளிப் பார்த்த பிறகுதான் முகம் சுளித்தார்கள், ஏனென்றால் அது தங்கள் அளத்தில் விளைகிற கல்லுப்பு இல்லை, பாக்கெட்டில் அடைத்து விற்கிற பொடியுப்பு மாதிரி சன்னமாக இருந்தது, உப்பு விளைகிற ஊரின் வாசலிலேயே கடை உப்பா என்று எல்லோருக்கும் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

அது என்ன உப்பு என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. வேதக்கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரின் மனைவி சும்மா இருக்காமல் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள், வைத்ததும் அவள் தம்பி எப்போதோ போனில் அனுப்பிய 'பஸ் கிடைக்கல, நாளைக்கு வாரேன்' என்கிற வரி, அவன் குரலிலேயே, காதுக்குள் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தால் அந்த வரி அங்கே இல்லை. தின்றது தின்றதுதான், திரும்ப வராது. அப்புறம் ஊருக்கே புரிந்தது: கடலோரத்தில் ஒரு கம்பெனி ஜன்னலே இல்லாமல் ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறதே, மனுஷர் போனில் சேர்த்து வைக்கிறதையெல்லாம் வாங்கிப் பத்திரப்படுத்துவதற்கென்று, வருஷம் முழுக்க ஏசி ஓடுகிறதால் ஊர் 'குளிர்பங்களா' என்று பேர் வைத்ததே, அதற்குள் அவரவர் போட்டு வைத்ததும் அவரவர் போனுக்குள் பூட்டி வைத்ததும்தான் இப்படி உப்பாக வாசலுக்கு வந்துவிட்டது. கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து டப்பாவில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் வரவில்லை, ஊரும் அவர்களைத் தேடவில்லை.

ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது. அதுவரைக்கும் எம்பி, ஜிபி, டிபி என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதெல்லாம் காற்றில் போகிற வார்த்தை, இப்போது அதற்கு எடை வந்துவிட்டது, எடை என்றால் நத்தையளத்துக்காரனை யாரும் ஏமாற்ற முடியாது. எடைமேடை ஞானமுத்து தராசும் தானுமாக வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வேதக்கோயில் வாசலில் நின்று சொன்னான். உப்பில் ஒரு மணி ஒரு பைட், இங்கிலீஷ்காரனுடைய ஒரு எழுத்துக்கு அது போதும், நம்முடைய எழுத்துக்கு மூன்று மணியாவது வேண்டும், கொம்பும் காலும் வைத்தால் அதற்கு இன்னொரு மூன்று. மணி ஆயிரம் சேர்ந்தால் ஒரு சின்னச் சிட்டிகை, அது கிலோபைட். அப்படிப்பட்ட சிட்டிகை ஆயிரம் சேர்ந்தால் ஒரு பிடி, அது எம்பி, ஒரு போட்டோவுக்கு மூன்று நாலு பிடி பிடிக்கும். பிடி ஆயிரம் சேர்ந்தால் ஒரு மூட்டை, அது ஜிபி. மூட்டை ஆயிரம் சேர்ந்தால் ஐந்தாறு லாரி லோடு, மாடி உயரத்துக்கு ஒரு அம்பாரம், அது டெராபைட்.

"அதுக்கு மேல?" என்று கேட்டார்கள்.

"அதுல ஆயிரம் சேந்தா ஹார்பர்ல நிக்கிற பெரிய கப்பல் ஒண்ணு நெறையும், அது பெட்டாவாம். அந்தக் கப்பல் ஆயிரம்னா நம்ம நாட்டு அளம் பூரா ரெண்டு வருசம் வாரணும், அது எக்ஸா. அதுல ஆயிரம்னா ரெண்டாயிரம் வருசம் வாரணும், இயேசு பொறந்த அன்னைக்கு உப்பு வாருற பலகையப் புடிச்சிருந்தா இப்பதான் முடிச்சிருப்போம், அது ஜெட்டா. அதுக்கும் மேல ஒரு பேரு இருக்காம், அத நான் சொல்லல, எனக்கு இடுப்பு வலிக்கி."

எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மூட்டையோடு நின்றுகொண்டார்கள். மூட்டைக்கு மேலே போனால் ஆயிரம் என்கிற சொல் வாயில் வருகிறதே தவிர மனதில் ஏறுவதில்லை. அது ஏறாமல் போனதால்தான் பிரிசில்லா என்கிற பெண் ஊர் முன்னால் தலையைத் தொங்கப்போட வேண்டி வந்தது.

அதைச் சொல்லுமுன் இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, புது உப்பு கசியும். பாத்தியிலிருந்து வாரிக் கரையேற்றிய உப்பில் கையை வைத்தால் உள்ளங்கை நனையும், நாள் போகப் போகத்தான் கசடு வடிந்து மணல் மாதிரி பொலபொலவென்று ஆகும், இது நத்தையளத்தில் நடக்கத் தெரிந்த எதற்கும் தெரியும். இந்த வாசல் உப்பும் அதே குணம்தான். இன்றைக்கு ஒருத்தி போனில் ஒரு படம் எடுத்தால் இன்றைக்கே அவள் குவியலில் நாலு பிடி ஈர உப்பு விழும், ஐந்து வருஷத்துக்கு முந்தைய படமோ காய்ந்து கலகலவென்று கிடக்கும்.

இரண்டாவது விஷயம், பேர் கூப்பிடுவது. எஸ்தர் என்கிற கைம்பெண் தன் வாசல் குவியல் முன்னால் உட்கார்ந்து, போன வருஷம் இறந்த புருஷன் பேரைச் சொல்லி அழுதாள். அழுதபோது குவியலிலிருந்து அரை மூட்டை உப்பு தனியாகப் பிரிந்து, இரை போட்டால் ஓடி வருகிற கோழிகள் மாதிரி அவள் காலடிக்கு வந்து நின்றது. அதெல்லாம் அவனைப் பற்றியது, அவன் படம், அவன் குரல், அவன் அனுப்பியது. அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை பார்க்கப் போனால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் குவியலில் பெண் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், கூப்பிடாத பேர் ஏதாவது ஓடி வருகிறதா என்றும் பார்த்தார்கள். மாமியார்கள் மருமகள்களின் குவியலில் தங்கள் பேரைக் கூப்பிட்டு, வந்ததைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தார்கள். தெருவுக்கு ஒரு சண்டை ஆனதும் சபைக் கமிட்டி கூடி, இனிமேல் கண்ட நேரத்தில் அடுத்தவர் குவியலில் கூப்பிடக் கூடாது, அளத்து அம்பாரத்தை மூடுகிற மாதிரி அவரவர் குவியலை ஓலை போட்டு மூடி வைக்க வேண்டும், அசனப் பண்டிகை அன்றைக்கு ஊரே உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட்ட பிறகு, கூடப்பிறந்தவர்கள் மட்டும் ஒருவர் குவியலில் மற்றவர் தன் பேரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், வந்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

பிரிசில்லாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா, தேவகனி.

ஊரிலேயே பெரிய அம்பாரம் பிரிசில்லாவுடையது. மற்ற வீடுகளில் பத்து மூட்டை இருபது மூட்டை என்று கிடக்க, அவள் வாசலில் மாடி ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு மலையே நின்றது. சமையல் வீடியோ போடுகிறவள் அவள், 'பிரிசில்லா அடுக்களை' என்றால் துபாயில்கூடத் தெரியும், ஆறு வருஷமாக அரைத்தது கரைத்தது பொரித்தது எல்லாம் அந்த மலைக்குள் இருந்தது. முதலில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள், அந்தப் போட்டோ உப்பு அவரவர் ஊரில் விழுந்ததோ என்னவோ. புருஷன் ஜெபராஜ் ஹார்பரில் வேலை பார்க்கிற அமைதியான ஆள், "ஏறி நின்னா நம்ம கப்பல் தெரியுது" என்பதோடு சரி.

அசனத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அளத்து வேலை முடிந்து திரும்புகிற வழியில் தேவகனி வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். அவள் எப்போதும் பின்பக்கம்தான் வருவாள். முட்டி வரைக்கும் உப்புப் பூத்த கால், பாளம் பாளமாக வெடித்த குதிகால், தலையில் சும்மாடு. தங்கச்சியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவள், அம்மா போன பிறகு இவளைக் குளிப்பாட்டிச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினவள், தனக்கென்று கல்யாணம் காட்சி ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை.

"ஏட்டி பிரிசி, இந்த வருசம் அசனத்துல நானும் உன் அம்பாரத்துல எம்பேரக் கூப்பிடுவேம்லா," என்றாள். சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள். "எம்மாம் பெரிய அம்பாரம். எனக்கு ஒரு லாரியாவது வராதா?"

"வரும்க்கா," என்றாள் பிரிசில்லா. சொல்லிவிட்டு அக்கா முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போனாள்.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வீடியோவிலும் அக்கா அடுக்களைக்குப் பின்னால் எங்கோ இருந்தாள், மீன் கழுவிக்கொண்டோ தேங்காய் துருவிக்கொண்டோ. ஒவ்வொரு வீடியோவிலிருந்தும் பிரிசில்லா அவளை வெட்டி எடுத்திருந்தாள். ஓரத்தில் கை தெரிந்தால் ஓரத்தை வெட்டினாள், குரல் கேட்டால் குரலை வெட்டினாள், கிறிஸ்மஸுக்குச் சேர்ந்து நின்று எடுத்த படத்தில்கூட முதலில் அக்காவின் கால் இல்லாமல், பிறகு தோளுக்குக் கீழே இல்லாமல், கடைசியில் அக்காவே இல்லாமல் வெட்டிப் போட்டாள். அந்தக் கால்களைப் பார்த்தால் பார்க்கிறவர்கள் தன்னை என்னவென்று நினைப்பார்கள் என்கிற கூச்சம் அவளுக்கு. உப்புச் சோறு தின்று வளர்ந்தவள், உப்புக் காலைப் பார்த்துக் கூசினாள்.

அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து மசாலா கம்பெனிக்காரப் பெண்கள் இருவர் அவள் அடுக்களையைப் பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாளே பிரிசில்லா அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்: 'அக்கா நாளைக்கு நீ வராத. வீட்டுக்கு ஆள் வாராங்க.' நேரில் சொல்ல முகம் இல்லாமல்தான் போனில் சொன்னாள். மறுநாள் விருந்தாளிகள் உட்கார்ந்து கடல்பாசி இனிப்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேவகனி வந்து நின்றாள், அன்றைக்கென்று முன்வாசல் வழியாக, வெளுத்த சேலையும் கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்குமாக. "இவங்க?" என்று விருந்தாளி கேட்க, பிரிசில்லா, "பாத்திரம் தேய்க்க வருவாங்க," என்றாள். தேவகனி பனங்கிழங்கை மேஜையில் வைத்தாள், பின்கட்டுக்குப் போனாள், கிடந்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதைப் பற்றி அக்காவும் தங்கையும் இன்றுவரை பேசியதில்லை. வராதே என்று சொல்லியும் வந்தாளே, வேணும்னுதானே வந்தாள் என்று பிரிசில்லா இரண்டு வருஷமாக உள்ளுக்குள் கோபத்தை வளர்த்து வைத்திருந்தாள், அந்தக் கோபம் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மறுநாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத வெயில் நேரத்தில், கமிட்டித் தீர்மானத்தை மீறி அவள் அம்பாரத்தின் ஓலையை ஒரு பக்கம் தூக்கி, "தேவகனி" என்று மெல்லக் கூப்பிட்டாள். மலை அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். எங்கோ உச்சியிலிருந்து கொஞ்சம் உப்பு சறுக்கி இறங்கி, வருவதற்கே வெட்கப்பட்டது மாதிரி, அவள் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு பிடிக்கு மேல் இல்லை. வெட்டத் தவறிய ஒரு முழங்கை, குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே "ஏட்டி, அடுப்பக் கொற" என்று ஒரு குரல், அவ்வளவுதான். ஆயிரம் மூட்டையில் ஒரு பிடி. பிரிசில்லா அதைக் காலால் தள்ளி அம்பாரத்தோடு சேர்த்து ஓலையை மூடினாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் அவள் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும், சிரித்த வாய் உடனே மூடிக்கொள்ளும். மறுநாளிலிருந்து அக்காவைப் படம் எடுக்கத் தொடங்கினாள். அக்கா இங்கே நில்லு, அக்கா இந்தப் பக்கம் பாரு, அக்கா கொஞ்சம் சிரி. தேவகனிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கசந்துவிடவும் இல்லை. முதல் நாள் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைத்து நின்றாள், மூன்றாம் நாள் தலை வாரிக்கொண்டு வந்தாள், நாலாம் நாள் பெட்டியிலிருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, காதில் எப்போதோ கழற்றி வைத்த கம்மலையும் போட்டுக்கொண்டு வந்தாள். வீடியோ என்றால் மட்டும் வெட்கப்பட்டு ஓடிவிடுவாள், நின்ற படம் என்றால் சரி.

"எதுக்குட்டி இம்புட்டுப் படம்?"

"சும்மாதான்க்கா. ஆசைக்கு."

"ஆசையா," என்று சொல்லிவிட்டுத் தேவகனி வேறு பக்கம் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாளோ, உப்புக் காற்று பட்டதோ. பிரிசில்லாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனாலும் படத்தை எடுத்தாள், எடுக்க எடுக்க அம்பாரத்தின் அடியில் நாலு பிடி நாலு பிடியாக ஈர உப்பு விழுந்தது.

குறுக்கு வழியும் பார்த்தாள். அக்கா சிரிக்கிற படம் ஒன்று நன்றாக வந்திருந்தது, அதையே நூறு தடவை திரும்பத் திரும்பக் குளிர்பங்களாவுக்கு அனுப்பினாள். பங்களா ஏமாறவில்லை. ஒரே படத்தை எத்தனை தடவை போட்டாலும் அது ஒரு தடவைதான் வைத்துக்கொள்ளும் போல, நாலு பிடிதான் விழுந்தது, அதற்கு மேல் ஒரு மணிகூட இல்லை.

அசனத்துக்கு முந்தின நாள் திரும்பவும் வெயிலில் நின்று கூப்பிட்டாள். இந்தத் தடவை ஒழுங்காக ஒரு மூட்டை அளவு வந்து நின்றது. மூன்று வாரம், முன்னூறு படம், ஒரு மூட்டை. அவள் மூட்டையைப் பார்த்தாள், பிறகு தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தாள். அப்போதுதான் ஆயிரம் என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கியது. ஞானமுத்து சொன்னபோது ஏறாதது, குப்பென்று வேர்த்து நின்ற அந்த நிமிஷத்தில் ஏறியது. தினம் இதே மாதிரி எடுத்தாலும் இந்த மலைக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு மலை எழும்ப அறுபது வருஷம் ஆகும், அறுபது வருஷம் அக்கா இருக்க மாட்டாள், இவளும் இருக்க மாட்டாள்.

ஜெபராஜ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன தேடுத?"

"ஒண்ணுமில்ல."

அவன் கீழே கிடந்ததைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், கூப்பிடுகிற குரலும் அவனுக்குக் கேட்டிருக்கும். "படத்துல நீ வெட்டுறது மதினிக்குத் தெரியாதுன்னு நெனச்சியா," என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் திட்டியிருந்தாலாவது திரும்பத் திட்டியிருக்கலாம்.

அசனம் வந்தது. ஆலய வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் கறியும் வெந்தது, பணக்காரன் ஏழை என்று பார்க்காமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், ஜெபம் முடிந்தது. ஊரே வரிசையாகத் தெருவுக்கு வந்தது. ஓலைகள் விலக்கப்பட்டன. எஸ்தருக்கு அண்ணன் குவியலிலிருந்து இரண்டு மூட்டை வந்தது, ஞானமுத்துவுக்குத் தம்பி குவியலிலிருந்து ஒன்றும் வரவில்லை, அவன் "செருக்கிவுள்ள" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு போய்விட்டான். கடைசியாக எல்லோரும் பெரிய அம்பாரத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

தேவகனி பச்சைச் சேலையில் வந்திருந்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள், குதிகால் வெடிப்பில் எண்ணெய் பூசியிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் பேர் கொடுக்கிற மாதிரி, "தேவகனி" என்றாள்.

ஒரு மூட்டை உப்பு வந்து அவள் காலடியில் நின்றது. வந்த வழியெல்லாம் தரையில் ஈரம் கோடு போட்டிருந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் உப்புக்காரர்கள். மலை முழுக்க வருஷக்கணக்கில் காய்ந்து வெள்ளை வெளேரென்று நிற்க, இந்த ஒரு மூட்டை மட்டும் சாம்பல் நிறத்தில் கசிந்து கிடந்தது. நத்தையளத்தில் பிறந்தவள் பிரிசில்லா, எல்லாக் கணக்கும் போட்டவள், புது உப்பு கசியும் என்பதை மறந்துவிட்டாள். அந்த ஈரத்தைப் பார்த்த அத்தனை பேரும், முதலில் உப்பைப் பார்த்து, பிறகு அவள் முகத்தைப் பார்த்து, பிறகு நாகரிகமாகத் தரையைப் பார்த்தார்கள். அந்தக் கடைசிப் பார்வைதான் அவளைக் கொன்றது.

தேவகனி குனிந்து உப்பில் கையை வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், நனைந்திருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"புது உப்பு," என்றாள். "சரிட்டி, இப்ப நீ கூப்பிடு. என்கிட்ட இருக்கதையும் கொண்டாந்திருக்கேன்."

இடுப்பிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வாசல் திண்டின் மேல் வைத்தாள். தேவகனியிடம் இருந்தது பட்டன் போன், படம் எடுக்காது, நம்பரெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது, அதனால் அவள் வாசலில் விழுந்ததே இந்த ஒரு சிட்டிகைதான், பங்குனியிலேயே கூட்டி எடுத்துப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். பிரிசில்லா காகிதத்தின் மேல் குனிந்தாள். "பிரிசில்லா" என்று தன் பேரைத் தானே கூப்பிட்டாள், குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை.

போன் கம்பெனிக்காரன் அனுப்பிய விளம்பர உப்பு அப்படியே கிடக்க, நடுவிலிருந்து கொஞ்சம் மணிகள் பிரிந்து காகிதத்தின் ஓரத்துக்கு வந்தன. விரல்நுனியில் ஒட்டுகிற அளவு. எல்லாம் நன்றாகக் காய்ந்த உப்பு.

"உம்பேருல இதுதான் இருக்கு. சாப்பிட்டுப் பாரு," என்றாள் தேவகனி. "உன் மலையில இருக்கத யாராலயும் தின்ன முடியாது. இதத் தின்னுரலாம்."

பிரிசில்லா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். காதுக்குள் அவள் குரலே கேட்டது. 'அக்கா நாளைக்கு நீ வராத. வீட்டுக்கு ஆள் வாராங்க.'

"என்னட்டி இருக்கு அதுல?" தேவகனி ஆவலாகக் கிட்டே வந்தாள். "நீ எனக்கு அனுப்பினது அது ஒண்ணுதான். என் போன்ல தமிழ் வராதாம்லா, வெறும் கட்டம் கட்டமா வந்துது. கடையில குடுத்துக் கேட்டேன், அவனுக்கும் தெரியல. அன்னைக்கு உன் வீட்டுக்கு ஆள் வாராங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாவ, சரி, தங்கச்சி நம்மள வரச் சொல்லித்தான் எழுதியிருக்கான்னு நெனச்சேன். அதான் சேலைய வெளுத்துக் கட்டிக்கிட்டு முன்வாசல் வழியா வந்தேன்."

ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. பிரிசில்லா எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், தின்ற உப்புக்குச் சாட்சி கிடையாது. வா என்றுதான் எழுதியிருந்தேன் என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பொய் நாக்கு வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் உப்புக் கரித்தது.

"வராதேன்னு எழுதியிருந்தேன்க்கா," என்றாள். "ஆள் வாராங்க, நீ வராதேன்னு."

தேவகனி நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அளத்தில் வெயிலைப் பார்த்து நிற்கிற மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு பட்டன் போனை எடுத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தி எதையோ தேடினாள். தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் போனைத் தாழ்த்தினாள்.

"அழிஞ்சு போச்சு," என்றாள்.

"அக்கா, அது இருந்து என்ன..."

"வராதேன்னு இருந்தா என்ன. நீ அனுப்பினது அது ஒண்ணுதானேட்டி இருந்துது."

அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் பிரிசில்லா அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஆயிரம் மூட்டை முதுகுக்குப் பின்னால் நிற்க, அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு விரல்நுனி உப்பு அவளிடம் இல்லை. ஊர் முன்னால், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், ஈர உப்பின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். தேவகனி தேற்றவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. பந்திப் பாத்திரம் கழுவ ஆள் கூப்பிடுகிற சத்தம் ஆலயத்திலிருந்து கேட்டது, வழக்கமாக முதல் ஆளாகப் போகிறவள், அன்றைக்குப் போகாமல் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரிசில்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டே இரண்டு சொல் தட்டி அனுப்பினாள். தேவகனியின் கையில் பட்டன் போன் ஒரு தடவை கத்தியது. திரையில் நாலைந்து கட்டங்கள் வந்து நின்றன. திண்டின் மேல் விரித்திருந்த காகிதத்தில், எங்கிருந்தென்று தெரியாமல், இருபது சொச்சம் மணி உப்பு விழுந்தது, ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"என்ன எழுதியிருக்க?"

"சாப்பிட்டுப் பாருக்கா."

தேவகனி ஒரு மணிகூடச் சிந்தாமல் காகிதத்தை நாலாக மடித்து, முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.

"தின்னா அழிஞ்சிரும்," என்றாள். "காயட்டும்."